பரிந்துரைப்பவரும் பொறுப்பேற்பவரும்

திருநீர்மலைக் கோயிலுக்கு ஒருமுறைகூடச் சென்றிராத தமிழர்களும் அதன் படிக்கட்டுகளைத் திரையில் பார்த்திருப்பார்கள். வீட்டாரின் எதிர்ப்பை மீறிப் புறப்பட்ட காதலர்கள் தாலி கட்டிக்கொள்ளும் காட்சிக்காகத் தமிழ்த் திரைப்படத் துறையினர் நெடுங்காலமாக நாடிவந்த இடங்களுள் பல்லாவரத்தை அடுத்துள்ள அந்த மலைக்கோயிலும் ஒன்று. முகூர்த்த நாள்களில் அங்கே உண்மையான திருமணங்களும் நடைபெறுகின்றன. மலை ஒன்றுதான்; படிகளும் அவையேதான். ஆயினும், ஒன்று கதை, மற்றொன்று வாழ்க்கை என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும். அது தெரிந்திருக்கும்வரை எவரும் ஏமாற்றப்படுவதில்லை.

புத்தகத்தில் இந்தத் தெளிவைத் தருவது அட்டையில் அச்சிடப்படும் ஒரே ஒரு சொல். "நாவல்" என்று அச்சிட்டிருந்தால் அதில் வரும் துயரம் நிகழ்ந்ததா என்று நாம் கேட்பதில்லை. "தன்வரலாறு" என்று அச்சிட்டிருந்தால், இது நடந்தது, நடந்தது எனக்கு என்று எழுதியவர் உறுதி கூறுவதாகப் பொருள். அந்த உறுதியை நம்பித்தான் நாம் கண்ணீர் விடுகிறோம். சில வேளைகளில் பணமும் தருகிறோம். புகழ்பெற்ற ஒருவர் அத்தகைய நூலைக் கையில் எடுத்துக் காட்டிப் படிக்கச் சொல்லும்போது, எழுதியவரின் உறுதியோடு பரிந்துரைப்பவரின் நற்பெயரும் சேர்ந்துகொள்கிறது. அந்த நூலின் உண்மைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

தமிழகத்துக்கு இது புதிய செய்தி அன்று. 2020 அக்டோபரில் தொடங்கிய "பிக் பாஸ்" நான்காம் பருவத்தில் நடிகர் கமல்ஹாசன் வார இறுதி நிகழ்ச்சிகளில் நூல்களைப் பரிந்துரைக்கத் தொடங்கினார். பெருந்தொற்றுக் காலத்துக்கு ஏற்ப ஆல்பெர் காம்யுவின் கொள்ளைநோய் பற்றிய நாவல், சாதத் ஹசன் மண்ட்டோவின் எழுத்து, பேராசிரியர் தொ.பரமசிவனின் "அழகர் கோயில்" என அந்தப் பட்டியல் நீண்டது. "அழகர் கோயில்" முனைவர் பட்டத்துக்காக எழுதப்பட்ட ஆய்வு நூல். அதன் பெயர் லட்சக்கணக்கான வீடுகளின் கூடத்தில் ஒலித்தது, சில நூறு பிரதிகள் விற்றாலே மகிழும் தமிழ்ப் பதிப்புலகில் சிறிய செய்தி இல்லை. இங்கே கவனிக்க வேண்டியது, இம்மூன்றில் எதுவும் தன்வரலாறு அன்று என்பது. நாவலைப் பரிந்துரைப்பவர் தம் ரசனைக்கு மட்டுமே பொறுப்பாளி. ஆய்வு நூலுக்கோ ஆதாரங்கள் அதனுள்ளேயே இருக்கும். சிக்கல் வருவது "இது என் கதை" என்று சொல்லும் நூல்களில்தான்.

அந்தச் சிக்கலை உலகம் முழுவதும் பேசவைத்தது அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்வு. தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே 1996 செப்டம்பரில் தம் நிகழ்ச்சியில் வாசகர் மன்றம் ஒன்றைத் தொடங்கினார். அவர் தேர்ந்தெடுத்த நூல்கள் ஒரே நாளில் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குச் சென்றன. 2005 செப்டம்பரில் ஜேம்ஸ் ஃப்ரே என்பவரின் "எ மில்லியன் லிட்டில் பீசஸ்" என்ற தன்வரலாற்றை அவர் தேர்ந்தெடுத்தார். போதைப் பழக்கத்திலிருந்து மீண்ட ஒருவரின் கதையாக அது முன்வைக்கப்பட்டது. பல லட்சம் பிரதிகள் விற்றது. 2006 ஜனவரி 8 அன்று "ஸ்மோக்கிங் கன்" என்ற இணையதளம் காவல்துறை ஆவணங்களோடு அந்நூலை ஒப்பிட்டு ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. ஏறத்தாழ மூன்று மாதம் சிறையில் இருந்ததாக எழுதியவர், உண்மையில் சில மணி நேரமே காவலில் இருந்திருந்தார்.

ஓப்ரா முதலில் நூலாசிரியரின் பக்கமே நின்றார். நூல் தரும் மீட்சியின் செய்தி தம்மைத் தொட்டது என்று மற்றொரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். இரண்டு வாரங்களுக்குப் பிறகு, ஜனவரி 26 அன்று, தம் மேடையிலேயே நூலாசிரியரையும் பதிப்பாளரையும் அமரவைத்துக் கேள்வி கேட்டார். தாம் ஆதரித்துப் பேசியது தவறு என்றும் ஒப்புக்கொண்டார். வாசகர்கள் தொடுத்த வழக்குகளின் முடிவில், ஏமாற்றப்பட்டதாகக் கருதியோர் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று பதிப்பகம் உடன்பட்டது. கெட்டி அட்டைப் பதிப்பை வாங்கியவர்கள் 163ஆம் பக்கத்தைக் கிழித்து அனுப்ப வேண்டும். பல லட்சம் பேரில் பணம் கேட்டு வந்தவர்கள் 1,729 பேர். தமிழ் வாசகர்களுக்கு ராமானுஜனை நினைவூட்டும் அந்த எண் இங்கே வேறொன்றைச் சொல்கிறது. ஏமாற்றம் அடைந்தவர்களில் பெரும்பாலோர் பணத்தைத் திரும்பக் கேட்பதில்லை. இழந்தது பணம் அன்று என்பது காரணமாக இருக்கலாம்.

இந்த நூல் முதலில் நாவலாகவே பதிப்பகங்களிடம் காட்டப்பட்டது என்று ஃப்ரே பின்னர் கூறினார். அது உண்மையானால், எழுத்தில் பெரிய மாற்றமின்றி அட்டையில் இருந்த சொல் மட்டும் மாறியிருக்கிறது. அந்தச் சொல்லுக்குத்தான் வாசகர்கள் விலை கொடுத்தார்கள்.

பதிப்பகங்கள் ஏன் சரிபார்ப்பதில்லை என்ற கேள்வி நியாயமானது. நாளிதழில் ஒரு செய்தி பல கைகளைக் கடந்தே அச்சேறுகிறது. நூலுக்கு அப்படி ஒரு முறை பெரும்பாலும் இல்லை. எழுதியது உண்மை என்று ஒப்பந்தத்தில் ஆசிரியர் கையெழுத்திடுவதோடு பதிப்பகத்தின் கடமை முடிந்துவிடுகிறது. அவதூறு வழக்கு வருமா என்று பார்ப்பார்களே தவிர, சம்பவம் நடந்ததா என்று பார்ப்பது அரிது. தமிழில் ஓரிருவர் நடத்தும் பதிப்பகங்களுக்கு அதற்கான ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஆக, ஆசிரியரின் உறுதியைப் பதிப்பகம் நம்புகிறது. பதிப்பகத்தைப் பிரபலம் நம்புகிறார். பிரபலத்தை மக்கள் நம்புகிறார்கள். இந்தச் சங்கிலியில் எவரும் ஒருமுறைகூட ஆவணத்தைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

நம்பிக்கை பணமாக மாறும்போது விளைவு இன்னும் பெரிதாகிறது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் பள்ளிகள் கட்டியதாக கிரெக் மார்ட்டென்சன் எழுதிய "த்ரீ கப்ஸ் ஆஃப் டீ" 2006இல் வெளிவந்தது. அவருடைய அறக்கட்டளைக்கு அதிபர் ஒபாமாவே தம் நொபெல் பரிசுத் தொகையிலிருந்து ஒரு லட்சம் டாலர் அளித்தார். 2011இல் தொலைக்காட்சிப் புலனாய்வு ஒன்றும் எழுத்தாளர் ஜான் கிராகௌரும் நூலின் முக்கியச் சம்பவங்களையும் அறக்கட்டளையின் கணக்குகளையும் கேள்விக்கு உள்ளாக்கினர். அடுத்த ஆண்டு, மொன்டானா மாநில அரசுத் தலைமை வழக்கறிஞரின் விசாரணைக்குப் பின், பத்து லட்சம் டாலர் அளவுக்கான தொகையை அறக்கட்டளைக்குத் திருப்பிச் செலுத்த மார்ட்டென்சன் இணங்கினார்.

இவை தொலைதூரத்துக் கதைகள். தமிழருக்கு இதே கேள்வி மிக அருகில், மிகுந்த வலியோடு எழுந்தது ஈழப் போர் பற்றிய நூல்களில். 2011இல் ஆஸ்திரேலியாவில் "தமிழ் டைக்ரஸ்" என்ற ஆங்கில நூல் வெளிவந்தது. விடுதலைப் புலிகள் இயக்கத்தில் 17 வயதில் சேர்ந்த பெண்ணின் தன்வரலாறாக, நிரோமி டி சொய்சா என்ற புனைபெயரில் அது வெளியிடப்பட்டது. இலங்கையில் பிறந்த வரலாற்றாசிரியர் மைக்கேல் ராபர்ட்ஸும், புலம்பெயர்ந்த தமிழர் சிலரும் அதன் நம்பகத்தன்மையை வினவினர். சில சம்பவங்கள் காலத்தோடும் களத்தோடும் பொருந்தவில்லை என்றனர். நூலாசிரியர் அந்த ஐயங்களை மறுத்தார். இன்றும் இரு தரப்பும் தத்தம் நிலையில்தான் நிற்கின்றன.

விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுப் பொறுப்பாளராக இருந்த தமிழினியின் நூல் வேறு வகையான கேள்வியை எழுப்பியது. போர் முடிந்தபின் சிறையிலும் புனர்வாழ்வு முகாமிலும் இருந்து விடுதலையான அவர் 2015 அக்டோபர் 18 அன்று புற்றுநோயால் மறைந்தார். அவருடைய "ஒரு கூர்வாளின் நிழலில்" அடுத்த ஆண்டு காலச்சுவடு பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. இயக்கத்தைப் பற்றிய அவருடைய விமரிசனங்கள் முழுவதும் அவர் கைப்பட எழுதியவைதாமா, மறைவுக்குப் பின் எவரேனும் கைவைத்தனரா என்று தமிழ்ச் சூழலில் கடும் வாதம் நடந்தது. அவர் எழுதியதே என்று உறுதிபடச் சொன்னவர்களும் இருந்தனர். பதில் சொல்ல வேண்டியவர் உயிரோடு இல்லை. அந்நூலை ஏற்றவர்களில் சிலர் அதன் அரசியல் தமக்கு உகந்தது என்பதால் ஏற்றனர். மறுத்தவர்களில் சிலர் அது உகந்ததல்ல என்பதால் மறுத்தனர். மூலப்படியைப் பார்த்து முடிவுக்கு வர வேண்டிய கேள்வி, அவரவர் அணியைப் பார்த்து முடிவானது.

இதில் உண்மையாகவே இழப்புக்கு உள்ளாகிறவர் யார்? ஒரு போலித் தன்வரலாறு அம்பலமானால் அதன் ஆசிரியர் சில காலம் தலைகுனிவார். ஆனால் முகாம்களிலும் சிறைகளிலும் மெய்யாகவே துன்பப்பட்டு, அதைச் சொல்ல முன்வரும் அடுத்த மனிதரிடம் உலகம் "இதுவும் கதைதானா?" என்று கேட்கும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை ஏந்தி நிற்கும் தாய்க்கு அந்தக் கேள்வி எத்தகையது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பொய்ச் சாட்சியம் மெய்ச் சாட்சியத்தின் மதிப்பைத் தின்றுவிடுகிறது. அதனால்தான் இது இலக்கிய வம்பு என்று ஒதுக்கத்தக்கது அன்று.

அதே வேளையில், ஐயமும் ஓர் ஆயுதமாகலாம். வலியவரின் தன்வரலாற்றை எவரும் வரிவரியாகச் சோதிப்பதில்லை. பெண்ணோ, தலித்தோ, அகதியோ எழுதினால் முதல் கேள்வியே "இதை யார் எழுதிக் கொடுத்தது?" என்பதாக இருக்கிறது. ஆகவே மறதியையும் புனைவையும் பிரித்தறிய வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்ததை நினைவுகூர்பவர் கிழமையை மாற்றிச் சொல்லலாம். உரையாடலை அப்படியே நினைவில் வைத்திருக்க எவராலும் இயலாது. நடக்காத சிறைவாசத்தை நடந்ததாக எழுதுவது வேறு. அதுபோலவே, சரிபார்க்க முடிந்ததையும் முடியாததையும் பிரிக்க வேண்டும். நடிகர் ரஜினிகாந்த் தம் வாழ்வில் பெரும் தாக்கம் செலுத்தியதாகக் கூறிவரும் நூல் பரமஹம்ச யோகானந்தரின் "ஒரு யோகியின் சுயசரிதம்". 1946இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அந்நூலின் ஆன்மிக அனுபவங்களை எந்த ஆவணத்தைக் கொண்டும் மெய்ப்பிக்கவோ மறுக்கவோ இயலாது. வாசகரும் அதை அறிந்தே படிக்கிறார். சிறையில் கழித்த நாள்களின் எண்ணிக்கை அப்படிப்பட்டது அன்று.

சரிபார்க்கத்தக்க தன்வரலாறு எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. உ.வே.சாமிநாதையரின் "என் சரித்திரம்" 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது. அதில் வரும் பலர் அப்போது உயிரோடு இருந்தனர். தவறு இருந்தால் மறுவாரமே சுட்டிக்காட்டியிருக்கலாம். சீவகசிந்தாமணியின் பக்கம் தம்மைத் திருப்பிய சேலம் இராமசுவாமி முதலியாரைக் கும்பகோணத்தில் சந்தித்த நாளை 1880 அக்டோபர் 21 என்று தேதியோடு குறிக்கிறார் ஐயர். தமக்கு வந்த கடிதங்களைத் தூக்கி எறியாமல் சேர்த்தும் வைத்தார். சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரால் அமைந்த நூலகம் அவற்றைக் காத்துவருகிறது. வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி அக்கடிதங்களைப் பதிப்பித்ததால், ஐயரின் நினைவையும் கடிதங்களையும் இன்று எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நாளும் ஊரும் ஆளும் தெளிவாகச் சொல்லப்பட்ட நூல், தன்னைச் சோதிக்கும் வழியைத் தானே வாசகரிடம் கொடுக்கிறது.

எழுதியவர் யார் என்பதை மறைக்காமல் சொல்வதும் நேர்மைதான். சிவாஜி கணேசனின் "எனது சுயசரிதை" அவர் மறைவுக்குப் பின் 2002இல் வெளிவந்தபோது, டி.எஸ்.நாராயணசாமியின் கேள்விகளுக்கு நடிகர் திலகம் அளித்த பதில்களாகவே அச்சிடப்பட்டது. யார் கேட்டார், யார் சொன்னார் என்பதில் குழப்பமில்லை. கேரளத்தில் நளினி ஜமீலாவின் தன்வரலாறு 2005இல் வேறொருவர் கேட்டு எழுதிய வடிவில் வெளிவந்தது. அது தம்முடைய குரலாக இல்லை என்று கருதிய அவர், சில மாதங்களிலேயே திருத்திய வடிவத்தை வெளியிட்டார். தன் வாழ்க்கையைத் தன் சொல்லில் சொல்லும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இன்னொரு வழியும் இருக்கிறது. பாமாவின் "கருக்கு" (1992) தன் வாழ்வின் பொருளைக் கொண்டே எழுந்தது. ஷோபாசக்தியின் "கொரில்லா" இயக்க அனுபவத்திலிருந்து பிறந்தது. ஆயினும் நாவல் என்றே தன்னை அழைத்துக்கொண்டது. நாவல் என்று சொன்னதால் அதன் உண்மை குறைந்துவிடவில்லை.

அரசியல் தன்வரலாறுகளைப் படிக்கத் தமிழ் வாசகர்களுக்கு மேலும் எளிய வழி உண்டு. கண்ணதாசனின் "வனவாச"த்தையும் கருணாநிதியின் "நெஞ்சுக்கு நீதி"யையும் அடுத்தடுத்துப் படித்தால் போதும். ஒரே இயக்கத்தின் ஒரே காலம் இருவர் எழுத்திலும் இரு வேறு நிறம் கொள்வதைக் காணலாம். இருவரில் ஒருவர் பொய்யர் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. ஒரு வாழ்க்கையை அறிய ஒரு நூல் போதாது என்று தெரிந்துகொண்டால் போதும்.

அப்படியானால் பிரபலங்கள் நூல்களைப் பரிந்துரைக்கக் கூடாதா? தாராளமாகப் பரிந்துரைக்கட்டும். நாவலும் கவிதையும் ஆய்வும் அவர்கள் வாய்வழியே மக்களைச் சென்றடைவது வரவேற்கத்தக்கது. தன்வரலாறு என்றால் மட்டும் இரண்டு செய்திகளைக் கூடுதலாகச் சொல்லலாம்: இதை நான் முழுவதும் படித்தேன், இதைப் பற்றி இன்னின்ன ஐயங்கள் எழுந்துள்ளன. பணமோ பங்கோ பெற்றுக்கொண்டு பரிந்துரைத்தால் அதையும் சொல்ல வேண்டும். ஐயம் மெய்யென்று தெரிந்தால், பரிந்துரைத்த அதே மேடையில் திருத்தம் சொல்ல வேண்டும். ஓப்ரா செய்ததில் பாராட்டத்தக்கது அது ஒன்றுதான். பதிப்பகங்கள் முன்னுரையில் ஒரு பக்கம் ஒதுக்கி, நூல் எவ்வாறு உருவானது, யார் கேட்டு எழுதியது, எந்தப் பெயர்கள் மாற்றப்பட்டன, மூலப்படி எங்கே உள்ளது என்பதைத் தெரிவிக்கலாம். அதற்குப் பெரிய செலவில்லை.

வாசகர்களின் பங்கும் சிறியதன்று. நட்சத்திரத்தின் கையசைவுக்குக் காத்திராமல் நூல்களைத் தேர்ந்தெடுக்கும் மரபு நமக்கு முன்பே இருந்தது. 1960களில், தியாகி சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி "வாசகர் வட்டம்" என்ற பெயரில் உறுப்பினர்களைச் சேர்த்துத் தேர்ந்த நூல்களை வெளியிட்டார். தி.ஜானகிராமனின் "அம்மா வந்தாள்" அப்படித்தான் வாசகர்களைச் சென்றடைந்தது. அங்கே நூலைக் கொண்டுசேர்த்தது பதிப்பாளரின் தேர்வும் உறுப்பினர்கள் அதன்மீது வைத்த நம்பிக்கையும்தான்.

அதைவிடப் பெரிய வாசகர் வட்டம் ஒன்றுக்கு நாம் அனைவரும் ஏற்கெனவே சந்தா செலுத்திவருகிறோம். விடுதலைக்குப் பின் இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகங்களுக்கென இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியில், தமிழகத்தில் சொத்து வரியோடு 10 விழுக்காடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட திருநீர்மலையில் வீடு வைத்திருப்பவரும் அதைச் செலுத்துகிறார். நூறு ரூபாய் சொத்து வரிக்குப் பத்து ரூபாய் புத்தகங்களுக்குப் போகிறது. அந்தப் பணத்தில் எந்தத் தன்வரலாறுகள் வாங்கப்படுகின்றன, அவற்றை மறுத்து எழுதப்பட்ட நூல்களும் அதே அலமாரியில் இருக்கின்றனவா என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. ஒரு நூலையும் அதற்கான மறுப்பையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க முடிகிற ஊரில், ஒரு கதையை நம்புவதற்கு எவருடைய சான்றிதழும் தேவைப்படாது.